வென்றவருக்கு நாற்காலி உண்டா? ஒரு பெர்லின் தொகுதியை வைத்துப் போட்ட கணக்கு

பெர்லினில் ஸ்ப்ரே ஆற்றின் குறுக்கே ஓபர்பாம் பாலம் என்று ஒன்று இருக்கிறது. 1896இல் எழுந்த செங்கல் பாலம். நடுவில் இரட்டைக் கோபுரம், மேல்தட்டில் ஓடும் மஞ்சள் ரயில். வடகரை ஃப்ரீட்ரிஷ்ஷைன், தென்கரை கிராய்ட்ஸ்பெர்க். சுவர் நின்ற காலத்தில் வடகரை கிழக்கு ஜெர்மனி, தென்கரை மேற்கு பெர்லின். 2001இல் இரண்டையும் சேர்த்து ஒரே நகர வட்டாரமாக்கினார்கள். வட்டாரச் சின்னத்தில் இந்தப் பாலத்தையே பொறித்தார்கள். ஒன்றாக்கியதைக் கொண்டாடிய லட்சணம் என்னவென்றால், இரு கரைக்காரர்களும் பாலத்தின் நடுவே கூடி அழுகிய காய்கறிகளால் ஒருவரையொருவர் அடித்துக்கொள்வதைப் பல ஆண்டுகள் திருவிழாபோல நடத்தினார்கள்.

2002 தேர்தலுக்கு இந்த வட்டாரத்தோடு ப்ரென்ஸ்லாவர் பெர்க்கின் கிழக்கு ஓரத்தையும் ஒட்டி ஒரு நாடாளுமன்றத் தொகுதி உருவானது. பரப்பளவில் சின்னது, சத்தத்தில் பெரியது. 2025 தேர்தலில் அதன் எண் 82. ஜெர்மனி இப்போது முடிவெடுக்க வேண்டிய ஒரு விஷயத்தை இந்தத் தொகுதியின் கதையை வைத்து உரசிப் பார்க்கலாம் என்று தோன்றியது.

விஷயம் இதுதான். 2025இல் ஆட்சிக்கு வந்த கூட்டணி, தேர்தல் சட்டத்தை மறுபடி பரிசீலிக்க ஒரு குழு அமைப்பதாக ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது. தொகுதியில் முதலிடம் பெற்ற ஒவ்வொருவரும் உள்ளே வர வேண்டும். ஆனால் சபையின் அளவும் இப்போது உள்ளபடியே இருக்க வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கணக்குதான் இடிக்கிறது.

ஏன் இடிக்கிறது என்று புரிய வாக்குச்சீட்டைப் பார்க்க வேண்டும். ஒரே தாளில் இரண்டு பத்திகள். இடப்பக்கம் கறுப்பு எழுத்தில் முதல் வாக்கு: தொகுதி வேட்பாளருக்கு. வலப்பக்கம் நீல எழுத்தில் இரண்டாம் வாக்கு: கட்சியின் மாநிலப் பட்டியலுக்கு. இரண்டிலும் ஒவ்வொரு பெருக்கல் குறி. பெயரில் இரண்டாவது என்றாலும் நீலப் பத்திதான் ராஜா. எந்தக் கட்சிக்கு மொத்தம் எத்தனை இடம் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. அந்த இடங்களில் யார் முதலில் உட்கார்வது என்பதை மட்டும் கறுப்புப் பத்தி சொல்கிறது. நம் ஊரில் தொகுதியில் ஜெயித்தால் எம்பி, முடிந்தது கதை. அங்கே அது கதையின் பாதிதான்.

ஒரு கட்சி நீலப் பத்தியில் 40 இடத்துக்கான வாக்கு வாங்கி, கறுப்புப் பத்தியில் 43 தொகுதிகளை வென்றால் அந்த மூன்று பேரை என்ன செய்வது? எல்லாத் தகராறும் இந்த மூன்று பேரைப் பற்றியதுதான். வென்றவர் எல்லோரும் உள்ளே வருவது, சபை அளவு மாறாதிருப்பது, வாக்கு விகிதமும் இட விகிதமும் ஒத்துப்போவது என்று மூன்று ஆசைகள். இரண்டைத்தான் ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ள முடியும். முன்னால் உள்ள வழிகள் எல்லாம் எந்த ஆசையைக் கைவிடலாம் என்பதில்தான் வேறுபடுகின்றன.

வழிகளை எடைபோடும் முன் இந்தத் தொகுதி எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். கைசர் எனும் பேரரசர் காலத்தில், 1874 முதல், நாடு 397 தொகுதிகளாக இருந்தது. பெர்லினுக்கு ஆறு. அதில் நான்காவது, நகரின் கிழக்கே தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதி. அங்கே 1884 முதல் 1911இல் இறக்கும்வரை சமூக ஜனநாயகக் கட்சியின் பால் சிங்கர்தான் உறுப்பினர். பாதிக்கு மேல் வாக்கு வேண்டும். இல்லையென்றால் முதல் இருவருக்கும் மறு சுற்று. இந்த முறையில் மற்றவர்கள் எல்லோரும் சேர்ந்துகொண்டு ஒரு கட்சியை ஒதுக்குவது சுலபம். 1907இல் சமூக ஜனநாயகக் கட்சி ஏறக்குறைய 29 சதவீத வாக்கு வாங்கி, 397இல் 43 இடம்தான் பெற்றது. எல்லைக் கோடுகளையும் கிட்டத்தட்ட தொடவே இல்லை. கிராமத்தை விட்டு மக்கள் நகரத்துக்கு வந்து குவிந்த பிறகும் பழைய கோடுதான். 1912 வாக்கில் ஷாம்பர்க்-லிப்பே தொகுதியில் சுமார் 10 ஆயிரம் வாக்காளர். பெர்லினை ஒட்டிய டெல்டோவ் தொகுதியில் 3 லட்சத்துக்கு மேல். இரண்டுக்கும் தலா ஓர் உறுப்பினர்.

அந்தக் கசப்பில், முதல் உலகப் போருக்குப் பின் வந்த வைமார் குடியரசு தொகுதியையே தூக்கிப் போட்டது. நாடு 35 பெரிய மாவட்டங்களானது. 60 ஆயிரம் வாக்குக்கு ஓர் இடம். சுத்தமான விகிதாசாரம். வாக்களிப்பவர் கூடினால் சபையும் பெருகும். 1932 ஜூலையில் 608 பேர் இருந்தார்கள். ஆனால் இவர்தான் எங்கள் ஆள் என்று சுட்டிக்காட்ட யாருமில்லை.

1949க்குப் பிறகு மேற்கு ஜெர்மனி இரண்டையும் கலந்தது. கிராய்ட்ஸ்பெர்க்குக்கு அதுவும் வாய்க்கவில்லை. நேச நாடுகளின் நிபந்தனையால் மேற்கு பெர்லின் மக்கள் புண்டஸ்டாக் எனும் நாடாளுமன்றத்துக்கு நேரடியாக வாக்களிக்க முடியாது. நகரசபைதான் உறுப்பினர்களை அனுப்பியது, அவர்களுக்கும் முழு வாக்குரிமை கிடையாது. ஆற்றின் எதிர்க்கரையில் ஒரே பட்டியலை மடித்துப் பெட்டியில் போடும் தேர்தல். ஆக, இந்தப் பாலத்தின் இரு பக்கமும் உண்மையான தொகுதித் தேர்தலைப் பார்த்தது 1990 டிசம்பரில்தான். அப்போது இரண்டு கரையும் வெவ்வேறு தொகுதி. கிராய்ட்ஸ்பெர்க் ஷேனபெர்க்கோடு, ஃப்ரீட்ரிஷ்ஷைன் லிஷ்டன்பெர்க்கோடு. இந்த இரண்டாவது தொகுதியை 1994இல் பழைய கிழக்கு ஜெர்மன் ஆளுங்கட்சியின் வாரிசான பிடிஎஸ் சார்பில் கிறிஸ்டா லுஃப்ட் வென்றார். பெர்லினின் கிழக்கே அந்த ஆண்டு பிடிஎஸ் நான்கு தொகுதிகளைப் பிடித்தது. 5 சதவீதத்தைத் தாண்டாத கட்சியும் மூன்று தொகுதிகளை வென்றால் பட்டியலில் பங்கு பெறலாம் என்ற விலக்கு இருந்ததால், சபையில் அவர்களுக்கு 30 இடம் கிடைத்தது.

இப்போது 2002. சபையைச் சுருக்க வேண்டும் என்று தொகுதிகளை 328இலிருந்து 299 ஆக்கினார்கள். பெர்லினுக்கு 13 போய் 12. அந்த வெட்டு ஒட்டில்தான் ஃப்ரீட்ரிஷ்ஷைன் லிஷ்டன்பெர்க்கை விட்டுப் பிரிந்து கிராய்ட்ஸ்பெர்க்கோடு சேர்ந்தது.

அதே நேரம் பசுமைக் கட்சிக்குள் ஒரு குடைச்சல். ஹன்ஸ்-கிறிஸ்டியான் ஷ்ட்ரோபெலே என்ற வழக்கறிஞர், 1939இல் பிறந்தவர், வெள்ளை முடி, சிவப்புச் சால்வை, போகிற இடமெல்லாம் சைக்கிள். 2001 நவம்பரில் ஆப்கானிஸ்தானுக்குப் படை அனுப்பும் தீர்மானத்தோடு அன்றைய சான்சலர் ஷ்ரோடர் நம்பிக்கை வாக்கெடுப்பையும் கட்டிவைத்தபோது எதிர்த்து வாக்களித்த நான்கு பசுமைக் கட்சி உறுப்பினர்களில் ஒருவர். அடுத்த தேர்தலில் பட்டியலில் வெல்லக்கூடிய இடம் அவருக்குக் கிடைக்கவில்லை. சரி, கறுப்புப் பத்தியில் பார்த்துக்கொள்கிறேன் என்று இறங்கினார். அவருடைய கோஷத்தை நம் பாணியில் சொன்னால், ‘ஷ்ட்ரோபெலேவுக்குப் போடும் ஓட்டு, ஃபிஷருக்கு வைக்கும் வேட்டு.’ ஃபிஷர் என்பது வேற்றுக் கட்சிக்காரர் அல்ல. அவருடைய கட்சியின் முகமான வெளியுறவு அமைச்சர்.

31.6 சதவீதம் வாங்கி வென்றார். புண்டஸ்டாக் தேர்தல் வரலாற்றில் பசுமைக் கட்சி நேரடியாக வென்ற முதல் தொகுதி இது. அடுத்த மூன்று தேர்தலிலும் அவரேதான், 2009இல் 46.8 சதவீதம். 2013 தேர்தல் முடிந்த சூட்டோடு மாஸ்கோ போய், அமெரிக்க உளவு ரகசியங்களை வெளியிட்ட எட்வர்ட் ஸ்னோடனைச் சந்தித்துவிட்டு வந்தார். கட்சித் தலைமையின் தயவில் பட்டியலில் வந்தவர் இதையெல்லாம் செய்வாரா என்பது என் சந்தேகம்.

அந்த வெற்றியின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2002இல் பிடிஎஸ் 4 சதவீதத்தில் நின்றது. மூன்று தொகுதி தேவை, இரண்டுதான் கிடைத்தது. மூன்றாவதாக அவர்கள் கண்வைத்திருந்த இடங்களில் இதுவும் ஒன்று. பட்டியல் பங்கு போய், பெட்ரா பாவும் கெசினே லோட்ஷும் சபையில் தனியாக உட்கார்ந்தார்கள். பழைய எல்லை இருந்திருந்தால் ஃப்ரீட்ரிஷ்ஷைன் வாக்கு லிஷ்டன்பெர்க்கோடு எண்ணப்பட்டிருக்கும். தொகுதியைக் குறைப்பது வெறும் எண்ணிக்கை விவகாரம் என்பவர்களிடம் இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

இனி வழிகளுக்கு வருவோம்.

பழைய வழி: வென்றவர் அனைவரும் வரட்டும், தேவைப்பட்டால் நாற்காலியைக் கூட்டிப் போடுவோம். கூடுதலாக வென்ற இடங்களை மிகை இடம் என்பார்கள். நீண்ட காலம் இவை ஒன்றிரண்டாக இருந்ததால் யாரும் கண்டுகொள்ளவில்லை. 2005இல் ட்ரெஸ்டன் சந்தி சிரிக்க வைத்தது. அங்கே ஒரு தொகுதியில் வேட்பாளர் ஒருவர் இறந்துபோனதால் வாக்குப்பதிவு இரண்டு வாரம் தள்ளிப் போனது. மற்ற முடிவுகள் எல்லாம் தெரிந்துவிட்டன. உட்கார்ந்து கணக்குப் போட்டவர்கள் ஒரு விசித்திரத்தைக் கண்டுபிடித்தார்கள்: இங்கே பழமைவாத சிடியு கட்சிக்குச் சுமார் 41 ஆயிரத்துக்கு மேல் இரண்டாம் வாக்கு விழுந்தால் அந்தக் கட்சிக்கு ஓர் இடம் குறையும்! வாக்காளர்கள் புரிந்துகொண்டார்கள். முதல் வாக்கை சிடியு வேட்பாளருக்குப் போட்டு, இரண்டாவதை வேறு பக்கம் தள்ளிவிட்டார்கள். சிடியு 38 ஆயிரத்தில் நின்று இடத்தைக் காப்பாற்றிக்கொண்டது. வாக்குப் போடாமல் இருப்பதே கட்சிக்குச் செய்யும் உதவி என்றால் அது என்ன தேர்தல்? 2008இல் அரசியல் சாசன நீதிமன்றம் இதைச் செல்லாது என்றது. 2012இல் மறுபடி குட்டு வைத்தது.

அதன்பின் மிகை இடத்துக்குச் சமமாக மற்றக் கட்சிகளுக்கும் ஈட்டு இடம் தரும் ஏற்பாடு வந்தது. நியாயம்தான். விலை? 598 பேர் இருக்க வேண்டிய சபையில் 2013இல் 631, 2017இல் 709, 2021இல் 736. இலங்கையில் 2018 உள்ளூராட்சித் தேர்தலுக்குக் கலப்பு முறையைக் கொண்டுவந்தபோது உறுப்பினர் தொகை ஏறக்குறைய இரட்டிப்பானதைப் பார்த்தவர்களுக்கு இந்த வீக்கம் புதிதாக இருக்காது. கிராய்ட்ஸ்பெர்க்குக்கு இந்த வழியில் எந்த நஷ்டமும் இல்லை. யாருக்குமே நேரடி நஷ்டம் இல்லை என்பதால்தான் அது அத்தனை நாள் ஓடியது. செலவை விடுங்கள், அடுத்த தேர்தலில் சபைக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று யாராலும் சொல்ல முடியாத ஒரு சட்டத்தை நான் ஆதரிக்க மாட்டேன்.

இரண்டாவது வழி, தொகுதியைக் குறைப்பது. மிகை இடம் வருவதே தொகுதிகள் அதிகம் இருப்பதால்தான். 299ஐ 250 ஆக்கலாம் என்றன 2019இல் பசுமைக் கட்சி, தாராளவாத எஃப்டிபி, பிடிஎஸ்ஸின் வாரிசான இடதுசாரிக் கட்சி மூன்றும். 2023இல் சிடியு, அதன் பவேரியச் சகோதரக் கட்சியான சிஎஸ்யு தரப்பு 270 போதும் என்றது, அதோடு ஈடு செய்யாத 15 மிகை இடங்களையும் கேட்டது. மக்கள்தொகைக் கணக்குப்படி பெர்லினின் 12 தொகுதிகள் 11 ஆகும், இல்லை 10 ஆகும். இப்போது 12 வட்டாரத்தையும் 12 தொகுதியையும் ஏறக்குறைய ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கலாம், அது கலையும். முதலில் அடிபடுவது பாலத்தின் இரு கரையை ஒட்டிவைத்த மாதிரியான தொகுதிதான். இவ்வளவு செய்தும் மிகை இடம் முற்றிலும் போகாது, குறையும், அவ்வளவே. வலி நிச்சயம், குணம் நிச்சயமில்லை.

மூன்றாவது, அகழி முறை. தொகுதியும் பட்டியலும் நடுவே அகழி வெட்டியதுபோலத் தனித்தனி. பாதி இடம் தொகுதியில் வென்றவர்களுக்கு, பாதி பட்டியலுக்கு, ஒன்றை இன்னொன்றில் கழிப்பதில்லை. வென்றவர் எல்லோரும் வருவார்கள், சபையும் வீங்காது. இவ்வளவு சுத்தமாக இருக்கிறதே என்று முதலில் எனக்கும் ஆசையாக இருந்தது. 2013 முடிவை அதில் போட்டுப் பார்த்தேன். சிடியுவும் சிஎஸ்யுவும் சேர்ந்து 41.5 சதவீதம், 299இல் 236 தொகுதிகள். பட்டியல் பாதியில் உத்தேசமாக 147 கிடைக்கும். கூட்டினால் 598இல் 383, அதாவது 64 சதவீதம். அரசியல் சாசனத்தைத் திருத்தும் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றே குறைவு. உண்மையில் அந்த ஆண்டு 63 இடம் பெற்ற பசுமைக் கட்சிக்கு ஷ்ட்ரோபெலேயின் ஒரு தொகுதியும் பட்டியலில் சுமார் 30 இடமும் தேறும். கிராய்ட்ஸ்பெர்க் வாக்காளருக்குத் தன் ஆள் கிடைப்பார். ஆனால் அவர் எந்தக் கூட்டத்தோடு உட்கார்ந்து பேச வேண்டுமோ அந்தக் கூட்டம் பாதியாகியிருக்கும். எல்லா இடத்திலும் பரவிக் கிடக்கும் சின்னக் கட்சிக்கு இது குழி. பெரிய கட்சிகளுக்கு ஏன் இதன்மேல் அவ்வளவு பிரியம் என்று விளக்க வேண்டியதில்லை.

நான்காவது, 2023 மார்ச்சில் நிறைவேறி இப்போது நடைமுறையில் உள்ளது. சபை 630, ஒரு நாற்காலி கூடாது, குறையாது. ஒரு மாநிலத்தில் கட்சிக்கு நீலப் பத்தி தரும் இடங்களைவிட அதிகமான தொகுதி வெற்றிகள் இருந்தால், வென்றவர்களை முதல் வாக்குச் சதவீதப்படி வரிசைப்படுத்தி, கடைசியில் நிற்பவர்களை வெளியே நிறுத்திவிடுவார்கள். மூன்று தொகுதி விலக்கையும் சேர்த்தே நீக்கினார்கள். 2024 ஜூலை 30 அன்று நீதிமன்றம் வெட்டுமுறை சரி என்றது. விலக்கை நீக்கியதை மட்டும் ஏற்காமல், புதிய ஏற்பாடு வரும்வரை அது தொடரட்டும் என்றது.

2025 பிப்ரவரியில் முதல் சோதனை. 23 பேர் தொகுதியை வென்றும் வீட்டுக்குப் போனார்கள்: சிடியு 15, தீவிர வலதுசாரி ஏஎஃப்டி 4, சிஎஸ்யு 3, எஸ்பிடி எனும் சமூக ஜனநாயகக் கட்சி 1. பவேரியாவின் 47 தொகுதியையும் சிஎஸ்யு வாரிச் சுருட்டியது. இரண்டாம் வாக்கில் 44க்குத்தான் கணக்கு இருந்தது. வெளியே நின்ற மூவரில் ஔக்ஸ்பர்க் நகரத் தொகுதியின் ஃபோல்கர் உல்ரிஷ் ஒருவர். 31.1 சதவீதம் வாங்கியவர்.

எண்ணைக் கவனியுங்கள். 31.1. ஷ்ட்ரோபெலே 2002இல் வாங்கியது 31.6. ஏறக்குறைய ஒரே எடை. ஒருவர் வரலாறு ஆனார், இன்னொருவர் மூட்டை கட்டினார். ஷ்ட்ரோபெலே இன்றைய சட்டத்திலும் தப்பித்திருப்பார். பெர்லினில் அவர் கட்சி வென்றது ஒரே தொகுதி. அதற்கு மேலேயே இரண்டாம் வாக்கு இருந்தது. ஆனால் கட்சி பெர்லின் முழுவதும் வாரியிருந்தால் 31.6 வைத்திருந்தவர் வரிசையின் கடைசியில் நின்றிருப்பார். நாலு முனைப் போட்டி நடக்கும் நகரத் தொகுதியில் 31 சதவீதம் என்பது பெரிய உழைப்பு. எதிர்ப்பே இல்லாத கிராமத்தில் 45 சதவீதம் என்பது பழக்கதோஷம். இந்தச் சட்டம் பழக்கதோஷத்துக்கு முன்வரிசை தருகிறது. உண்மையான குறை இதுதான்.

வென்றவரைத் தடுப்பது ஜனநாயகமா என்ற கூச்சல் எனக்கு அவ்வளவாகப் படவில்லை. பத்தில் ஏழு பேர் வேறு யாருக்கோ போட்ட தொகுதியில் முதலாவதாக வந்ததை மக்கள் தீர்ப்பு என்று மார்தட்டுவது கொஞ்சம் அதிகம். ஔக்ஸ்பர்க்குக்குக் கூட பட்டியல் வழியாக வேறு கட்சி உறுப்பினர் இருக்கிறார். ஆனால் நான்கு தொகுதிகள் பட்டியல் வழியாகவும் யாரும் வராமல் அநாதையாகிவிட்டன. டார்ம்ஷ்டாட் அதில் ஒன்று. அங்கே வாழ்பவருக்கு மனு எடுத்துப் போக உள்ளூர் உறுப்பினர் இல்லை. இதைத்தான் சரிசெய்ய வேண்டும் என்பேன்.

அதற்கும் ஒரு மருந்து ஏற்கெனவே முன்மொழியப்பட்டிருந்தது. 2022 மே மாதம் அன்றைய ஆளுங்கட்சிகளின் மூன்று உறுப்பினர்கள் மாற்று வாக்கு என்று ஒன்றைச் சொன்னார்கள். முதல் வாக்கோடு, இவருக்கு இடம் இல்லையென்றால் எனக்கு யார் என்றும் ஒரு குறி. முதலாவது வந்தவர் வெட்டப்பட்டால், அவருக்குப் போட்டவர்களின் மாற்று வாக்கை மற்றவர்களோடு கூட்டி, இரண்டாம் வாக்குப் பின்பலம் உள்ள ஒருவரைத் தொகுதிக்கு எடுப்பது. சிக்கல் என்று சட்டம் நிறைவேறும்முன் அதைக் கழற்றிவிட்டார்கள். அங்கேதான் தவறு செய்தார்கள் என்று நினைக்கிறேன். சபை அளவும் விகிதமும் தங்கும், தொகுதிக்கும் ஆள் கிடைப்பார். கைவிடுவது முதலிடத்தின் கிரீடத்தை மட்டும்.

ஆக என் ஓட்டு இன்றைய சட்டத்தோடு மாற்று வாக்கைச் சேர்ப்பதற்கு. மூன்று தொகுதி விலக்கையும் தொடக்கூடாது. 2021இல் 4.9 சதவீதம் வாங்கிய இடதுசாரிக் கட்சி மூன்று தொகுதிகளின் தயவில்தான் 39 இடத்தோடு உயிர் தப்பியது. அன்று அது போயிருந்தால் 2025இல் 8.8 சதவீதத்துக்கு எழுந்திருக்குமா என்று சொல்வது கடினம். அந்த எழுச்சியில்தான் 82ஆம் தொகுதியும் கைமாறியது. ஷ்ட்ரோபெலேக்குப் பின் 2017இல் சுமார் 26 சதவீதத்தோடு மயிரிழையில் வென்று, 2021இல் வசதியாக வென்ற பசுமைக் கட்சியின் ஜனான் பாய்ராம் இந்தமுறை நிற்கவில்லை. 2017இல் அவரிடம் மயிரிழையில் தோற்ற இடதுசாரி பாஸ்கல் மைசர் 2025இல் வென்றுவிட்டார். 2002இல் கைநழுவிய மூன்றாவது தொகுதி, 23 வருடம் கழித்து, தேவையே இல்லாதபோது வந்து சேர்ந்தது.

என் யோசனைக்கு எதிராக ஒரு வாதம் உண்டு, அதுவும் இதே ஊரிலிருந்து. 2021 செப்டம்பர் 26 அன்று பெர்லினில் ஒரே நாளில் புண்டஸ்டாக், நகரசபை, வட்டாரசபை, ஒரு பொதுவாக்கெடுப்பு, போதாக்குறைக்கு மாரத்தான். சாவடிகளில் சீட்டுத் தீர்ந்தது. சார்லட்டன்பர்க் பக்கத்துச் சீட்டுகள் ஃப்ரீட்ரிஷ்ஷைன்-கிராய்ட்ஸ்பெர்க் சாவடிகளுக்கு வந்து சேர்ந்தன. 2,256 வாக்குப்பதிவுப் பிரிவுகளில் 455இல் 2024 பிப்ரவரியில் மறுபடி தேர்தல் நடத்த வேண்டியதாயிற்று. இரண்டு குறியையே எண்ண முடியாதவர்களிடம் மூன்றாவதைக் கொடுப்பதா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அன்று கஷ்டப்பட்டது குறிகள் அதிகமானதால் அல்ல. தாள் போதவில்லை, வண்டி தப்பான சாவடிக்குப் போனது.